ஆஸ்பர்ன் இல்லத்தில் கண்ட அன்பு



ஆலய விழா மேடையில் ஓர் ஆங்கில ராக் பாடகரின் இல்லத்தைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். 1982இல் மேடையிலேயே வௌவாலின் தலையைக் கடித்தவர் எனப் பெயரெடுத்த ஓசி ஆஸ்பர்ன் அவர். 2002 முதல் 2005 வரை எம்.டி.வி. தொலைக்காட்சி அவர்தம் குடும்ப வாழ்வைத் தொடராக ஒளிபரப்பியது. அதில் தகாத சொற்கள் மிகுதி, சிறுவர் காணத்தக்கதன்று. மகன் ஜாக் 2003இல் போதைப் பழக்கத்திற்குச் சிகிச்சை பெற நேர்ந்ததையும் மறைப்பதற்கில்லை.

ஆயினும், அவ்வீட்டார் சண்டையிட்ட கையோடு அன்பையும் வாய்விட்டுக் கூறினர். தமிழர் இல்லங்களில் அன்புக்குக் குறைவில்லை. அதைப் பிள்ளைகளிடம் சொல்லத்தான் தந்தையர்க்கு நா எழுவதில்லை.

2002இல் மனைவி ஷேரனுக்குப் பெருங்குடல் புற்றுநோய் கண்டது. ஊரை மிரட்டிய பாடகர் கலங்கி நின்றதை உலகமே கண்டது.

அத்தம்பதியரின் மூத்த மகள் ஏமியோ, தொடரில் தோன்ற மறுத்துவிட்டார். அவர் இன்றியே படப்பிடிப்பு நடந்தது. பெரும்புகழ் வாசலில் நின்ற வேளையில் ஒரு பிள்ளையின் மறுப்புக்கு இடமளிப்பது எளிதன்று. அத்தொடரில் மெச்சத்தக்கது, காட்டப்படாத அம்மகளே எனலாம்.

இடையில் பிணக்குகள் நேர்ந்தபோதிலும், 2025 ஜூலை 22இல் ஓசி மறையும்வரை, 1982இல் கைப்பிடித்த ஷேரனே அவர்தம் துணைவி.