வாசலுக்கு அப்பாலும் மனிதர் உளர்

(கண்டியில் நிகழ்த்திய உரை)



நாடற்றவர் என்ற சொல்லின் பொருளை இக்கண்டிச் சீமைக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், நம் தந்தையர் இங்கே பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்தவனுக்குச் சான்று ஏது? அவன் நட்ட தேயிலைச் செடியே சாட்சி. அச்சாட்சியத்தை எவரும் ஏற்கவில்லை. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் ஒப்பந்தம் செய்தனர். 525,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று; அம்மக்களின் விருப்பத்தைக் கேட்டார் எவருமிலர். தலைமுறைகளாக இம்மலைகளில் உழைத்த குடும்பங்கள் பெட்டி கட்டித் தலைமன்னாரிலே கப்பலேறின. எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

இனி வங்கக் கடலுக்கு அப்பால் நோக்குவோம். பர்மாவில் 1982இல் இயற்றப்பட்ட பிரசாவுரிமைச் சட்டம் ரோஹிங்கியா மக்களை நாடற்றவராக்கியது. 2017இல் இராணுவக் கொடுமைக்கு அஞ்சி ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வங்காளதேசம் புகுந்தனர். 2024 டிசம்பரில் அம்மக்களுள் நூற்றுக்கு மேற்பட்டோருடன் ஒரு தோணி முள்ளிவாய்க்கால் கடலில் ஒதுங்கிற்று. 2009இல் எல்லாம் இழந்த அக்கரை மக்களே உணவு கொண்டு ஓடினர். அரசாங்கமோ வந்தவர்களைக் கேப்பாப்புலவு விமானப்படை முகாமில் வைத்தது. திருப்பி அனுப்பும் பேச்சும் எழுந்தது.

நம் கூரையே ஒழுகுகையில் அயலான் வீட்டுக் கவலை எதற்கு என்பர் சிலர். ஒழுகுவது மெய்யே, சொந்தக் காணியற்ற தோட்டக் குடும்பங்கள் இன்றும் பல. ஆயினும், நமக்கு மட்டும் கேட்கும் உரிமை உரிமையாகாது, அது சலுகை. சலுகையைத் தந்தவன் நினைத்தபோது பறிப்பான். 1948இல் நாம் பெற்ற பாடம் இதுவே. கள்ளத்தோணி என்று நம்மைப் பழித்தார்கள். அச்சொல் நம் நாவிலிருந்து வேறொருவர்மேல் விழலாமோ?

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இலங்கை சேரவில்லை. அகதிக்கெனத் தனிச் சட்டமும் இங்கில்லை. ஆகவே, தஞ்சம் புகுந்தோனும் சட்டவிரோதக் குடிவரவாளனாகவே கருதப்படுகிறான். உயிராபத்துள்ள இடத்துக்கு எவரையும் திருப்பி அனுப்பலாகாது என்பதைச் சட்டமாக்கக் கோருவோம். சட்டத்தரணிகள் வரைவெழுதட்டும், கமக்காரர் அமைப்புகள் தீர்மானம் நிறைவேற்றட்டும், இரண்டையும் நம் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் சேர்ப்போம்.

கடலோரத்தார் தம் கடமையைச் செய்துவிட்டனர். மலைநாட்டார் நம் கடமை நிலுவையில் இருக்கிறது.