துணுக்குத் துணியில் பிறந்த சுனாமிகா

தையல் மிஷின் அடியில் சேரும் வெட்டுத்துணியை என்ன செய்வது? ஆரோவில்லின் உபாசனா ஆடை வடிவமைப்பகம் அதற்கு அருமையான வழி கண்டது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் வாழ்வு குலைந்த மீனவப் பெண்களுக்கு, 2005-இல் அங்கே பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். ஆடை தைத்து மிஞ்சிய துணுக்குகளே மூலப்பொருள். கடலைப் பார்க்கவே நடுங்கியவர்கள் கூடி உட்கார்ந்து தைத்தார்கள், பேசினார்கள், வருமானமும் பார்த்தார்கள். அந்தக் குட்டிப் பொம்மையின் பெயர் சுனாமிகா!

அவளுக்கு விலையே கிடையாது. அன்பளிப்பாகத்தான் தருகிறார்கள், விரும்பியவர்கள் தரும் நன்கொடையில்தான் செய்தவர்களுக்கு ஊதியம். இப்படியே பல நாடுகளுக்குப் போய்விட்டாள். எவ்வளவு பெரிய மனசு!

நீங்களும் துணுக்கை வீணாக்க வேண்டாம்; வீட்டில் உள்ளங்கை அகலத் துணி மிஞ்சினால்கூட வட்டமாக வெட்டுங்கள். ஓரம் மடித்து நூலோட்டி இழுத்தால், சுருங்கிப் பூவாகிவிடும். குழந்தையின் ஹேர்பேண்டில் தைத்துவிடலாம்.