அளந்து பேசும் பொறிகள்



இருவர் உரையாடும்போது, ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்தே எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்துவது என்பதை அறிந்துகொள்கின்றனர். முகமில்லாப் பொறிகளுக்கு அவ்வசதி இல்லை. எனவே, பேசத் தொடங்குமுன்னரே எல்லாவற்றையும் உடன்படிக்கையாக வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஐ.பி.எம். நிறுவனம் 1974-ஆம் ஆண்டில் அறிவித்த எஸ்.என்.ஏ. என்னும் வலையமைப்பு முறையில் இவ்வுடன்படிக்கை அமையும் விதத்தை இன்று கூற விரும்புகிறேன். வங்கியொன்றின் பெருங்கணிப்பொறிக் கூடத்தில் நெடுங்காலம் பணியாற்றிய என் பழைய மாணவர் ஒருவரிடம், நான் மாணவனாக அமர்ந்து கற்ற செய்தி இது.

பெருங்கணிப்பொறியில் இயங்கும் நிரல் ஒரு முனை. தொலைவில் உள்ள திரையோ அச்சுப்பொறியோ மறுமுனை. இவ்விரண்டிற்கும் இடையே ஏற்படும் தொடர்புக்கு 'செஷன்' என்று பெயர். செய்தியில் ஓரெழுத்தேனும் செல்லுமுன், முதன்மை முனை 'பைண்ட்' என்னும் கட்டளையை அனுப்புகிறது. ஒரு செய்தித் துண்டின் உச்ச அளவு என்ன, பதில் எப்போது தரவேண்டும், விடாமல் எத்தனை துண்டுகள் அனுப்பலாம் என்னும் விதிகளெல்லாம் அதில் அடங்கும். கருவியின் வகைக்கேற்ப இவ்விதிகளை 'லாக்மோட்' என்னும் அட்டவணையில் வரிசை வரிசையாக எழுதி வைப்பார்கள். விதிகள் தனக்கு ஒவ்வாவிடில், மறுமுனை '0821' என்னும் குறி எண்ணுடன் மறுத்துவிடும், செஷன் அமையாது. சில வகைச் செஷன்களில் மட்டும், மறுமுனை தன் திருத்தத்தைப் பதிலில் எழுதி அனுப்பலாம்.

அளவைக் குறிக்கும் முறை சுவையானது. அட்டவணையில் 8587 என்று எழுதியிருந்தால், முதலிரண்டு இலக்கங்கள் கருவி அனுப்புவதற்கும், பின்னிரண்டு கணிப்பொறி அனுப்புவதற்கும் உரியவை. 85 என்றால், 2-இன் ஐந்தாம் அடுக்கை 8-ஆல் பெருக்க வேண்டும். விடை 256 பைட். 87 என்றால், ஏழாம் அடுக்கைப் பெருக்க வேண்டும், விடை 1024. விசைப்பலகையிலிருந்து வருவது சிறிது, திரைக்குச் செல்வது பெரிது என்பதே இவ்வேறுபாட்டின் காரணம். 24 வரிகளும் வரிக்கு 80 எழுத்துக்களும் கொண்ட திரை நிரம்பினால் 1920 எழுத்துக்கள். ஆகவே அது ஒன்றுக்கு மேற்பட்ட துண்டுகளாகச் சங்கிலிபோல் செல்லும்.

இனி, 'பேசிங்' என்னும் வேகக் கட்டுப்பாடு. சொல்வதெழுதல் நடத்தும் ஆசிரியர், பிள்ளைகளின் கைகள் ஓயும்வரை அடுத்த தொடரைச் சொல்லாமல் காத்திருப்பார் அல்லவா? அதுவே இங்கும் நெறி. எண் 3 என்று வகுத்தால், அனுப்புவோன் மூன்று துண்டுகள் அனுப்பலாம். அவற்றுள் முதல் துண்டிலேயே, "மேலும் அனுப்பலாமா?" என்னும் குறி இருக்கும். அனுமதி வந்தால் அடுத்த மூன்று. வராவிடில் நிற்க வேண்டியதுதான். முதல் துண்டு கிடைத்தவுடனே பெறுவோன் அனுமதி தந்துவிட்டால், எஞ்சிய இரண்டும் புதிய மூன்றுமாக ஐந்து துண்டுகள் வந்து சேரக்கூடும். அவ்வைந்துக்கும் இடம் வைத்துக்கொண்டே அவன் அனுமதி தரவேண்டும்.

எண் 0 என்றால் கட்டுப்பாடே இல்லை என்று பொருள். என் மாணவர் பணியாற்றிய இடத்தில், அச்சுப்பொறிக்குரிய வரிசையில் ஒருமுறை 0 என்று இருந்ததாம். மாத இறுதி அறிக்கை மடை திறந்தாற்போல் பாய்ந்தது. அச்சுப்பொறியால் அவ்வேகத்திற்கு ஈடுகொடுக்க இயலவில்லை. துண்டுகள் இடைவழியிலுள்ள தொடர்புக் கட்டுப்பாட்டுப் பொறியின் நினைவகத்தில் தேங்கின. அந்நினைவகமோ எல்லாருக்கும் பொது. அதனால், அறிக்கையோடு எத்தொடர்பும் இல்லாத கிளைகளில், கணக்கில் எஞ்சிய தொகையைக் கேட்டு நின்றவர்கள் நெடுநேரம் காத்திருந்தனர். பேசிங் ஒரு செஷனுக்குக் கடிவாளம். மற்றச் செஷன்களுக்கோ அது காவல்.

எண்ணை மிகவும் குறைத்தாலும் தீங்குண்டு. தொலைதூர இணைப்பில், அனுமதி வந்து சேரும்வரை வழி வெறுமையாகக் கிடக்கும். கணிப்பொறியிலிருந்து இடைநிலைப் பொறிவரை ஓர் எண், அங்கிருந்து கருவிவரை மற்றோர் எண் என இரு கட்டமாக வகுக்க முடிவது இதனால் பயன்படுகிறது. பிற்காலத்தில், பெறுவோன் தன் கையிலுள்ள இடத்தைப் பார்த்து அவ்வப்போது எண்ணைக் கூட்டியும் குறைத்தும் கூறும் முறையும் வந்தது.

இன்று எஸ்.என்.ஏ. செய்திகள் ஐ.பி. வலையின் மீதும் பயணம் செய்கின்றன. வழி மாறினாலும், பெறுவோனின் அளவறிந்து கொடுத்தல் என்னும் கடமை மாறவில்லை. ஆகவே, அட்டவணையில் ஓர் எண்ணை எழுத அமர்பவர், "எவ்வளவு விரைவாக அனுப்பலாம்?" என்று கேட்குமுன், "மறுமுனையில் எவ்வளவு இடம் உண்டு?" என்று கேட்டறிதல் நன்று.