அரை மாத்திரையின் கணக்கு



"டாக்டர், மாத்திரையை நிறுத்திப் பார்த்தேன். மூணே நாள்தான். தூக்கம் போச்சு, கை நடுங்குது, நெஞ்சு படபடன்னு அடிக்குது. அப்போ இது எனக்கு ஆயுசுக்கும் வேணும்தானே?" மனநலப் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. 'இல்லை' என்பதுதான் பெரும்பாலும் பதில். ஏன் இல்லை என்று இன்று சொல்கிறேன்.

பதற்றத்துக்குத் தரும் மாத்திரைகளில் முக்கியமானவை இரண்டு வகை. அல்பிரசோலம், குளோனசிபாம், லோரசிபாம், டயசிபாம் ஆகியவை முதல் வகை. மூளையின் பரபரப்பை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளுக்கு இவை வலுச் சேர்க்கின்றன. போட்ட ஒரு மணி நேரத்துக்குள் ஆள் அமைதியாகிவிடுவார். எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின் போன்றவை இரண்டாம் வகை. இவை பலன் காட்ட 2 முதல் 6 வாரம் பிடிக்கும். முதல் சில நாளில் படபடப்பு சற்றுக் கூடவும் செய்யலாம். அதனால்தான் எஸ்சிடாலோபிராமைப் பெரும்பாலும் 5 மில்லிகிராமில் தொடங்கி, பிறகு 10 ஆக்குகிறோம். அது தூக்கத்தைக் கெடுத்தால் இரவு வேளையைக் காலைக்கு மாற்றுகிறோம்.

இரண்டாம் வகை வேலை செய்யத் தொடங்கும்வரை தாக்குப்பிடிக்கத்தான், முதல் வகை மாத்திரையைச் சில வாரத்துக்கு மட்டும் சேர்த்து எழுதுவது. ஆனால் நடப்பது என்ன? அதே சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கி வாங்கி, சில வாரம் சில வருடமாகிவிடுகிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எஸ்சிடாலோபிராம், குளோனசிபாம் இரண்டையும் ஒரே மாத்திரையில் கலந்து நம் ஊரில் விற்கிறார்கள். அதை ஒருவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மருந்தும் ஒன்றாக நின்றுபோகும். அதை அவர் பாதியாக்கினால், குறைக்கக் கூடாத மருந்தும் சேர்ந்து குறையும். ஆகவே உங்கள் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். இரண்டு பெயர் இருந்தால், அளவை மாற்றும் முன் தனித்தனி மாத்திரையாக எழுதித் தர முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இனி தொடக்கத்தில் வந்த கேள்விக்கு வருவோம். மாதக்கணக்கில் தினமும் முதல் வகை மாத்திரையைச் சாப்பிட்டால் மூளை அதற்குப் பழகி, தன் சொந்தப் பிடியைத் தளர்த்திக்கொள்கிறது. மருந்தைச் சட்டென்று எடுத்துவிட்டால், அடங்கியிருந்த பரபரப்பு முன்னைவிட வேகமாக எழும்பும். அது விலகல் தொந்தரவு. பழைய நோய் திரும்பியதாகக் கொள்ள வேண்டாம். அடையாளமும் உண்டு. விலகல் தொந்தரவு, அளவைக் குறைத்த சில நாளிலேயே தொடங்கும். வியர்வை, நடுக்கம், சின்னச் சத்தம்கூடத் தாங்காத எரிச்சல் என்று, முன்பு இல்லாதவற்றையும் கூட்டி வரும். பெரும்பாலும் மெல்ல வடியும். பழைய நோய் திரும்புவதாக இருந்தால், வாரக்கணக்கில் மெதுவாக, பழைய கவலைகளோடேயே வரும். எனவே குறைத்த மறுநாள் தூக்கம் வராததை வைத்து, மாத்திரை ஆயுசுக்கும் வேண்டும் என்று முடிவு கட்டாதீர்கள்.

அதற்காக ஒரேயடியாக நிறுத்துவதும் ஆபத்து. வலிப்பு வரலாம், உயிருக்கே கேடு நேரலாம்.

எவ்வளவு மெதுவாகக் குறைப்பது? இங்கிலாந்தின் நியூகாசிலில், பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் 1982 முதல் 12 ஆண்டு இதற்கென்றே ஒரு சிகிச்சைப் பிரிவை நடத்தினார். அளவைப் படிப்படியாக இறக்குவது, வேகத்தை நோயாளியின் நிலை பார்த்து வைப்பது என்பதே அவர் வழி. அமெரிக்காவில் 2025-இல் வெளியான நெறிமுறையும், 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைத்துத் தொடங்கச் சொல்கிறது. இரண்டு வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது.

நடைமுறையில் பாருங்கள். இரவில் குளோனசிபாம் 0.5 சாப்பிடுபவர், ஒரு 0.25 மாத்திரையும் இன்னொரு 0.25-இல் பாதியும் எடுத்தால் 0.375 ஆகிறது. சின்னக் குறைப்பாகத் தோன்றும். ஆனால் இதுவே 25 சதவீதம்! வருடக்கணக்கில் சாப்பிட்டவருக்கு இதைவிடச் சின்னப் படி தேவைப்படலாம். கணக்கைப் புரியவைக்கத்தான் இதைச் சொன்னேன். உங்களுக்கான படியை உங்கள் மருத்துவர்தான் வகுக்க வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், தினமும் மது அருந்துபவர்கள் தாங்களாக ஒரு துணுக்குகூடக் குறைக்கக் கூடாது.

சில விதிகள். எஸ்.ஆர். என்று போட்ட மாத்திரையை உடைக்காதீர்கள்; மெல்லக் கரைய வேண்டிய மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும். ஒரு நேரத்தில் ஒரே மருந்தை மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாது. வீட்டில் கல்யாண வேலை, பிள்ளைக்குப் பொதுத்தேர்வு என்ற சமயத்தில் குறைக்கத் தொடங்க வேண்டாம். படுத்த நேரம், எழுந்த நேரம், சாப்பிட்ட மாத்திரையின் அளவு இவற்றை ஒரு நோட்டில் குறித்து வைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.

மற்ற மருந்துகளையும் மறைக்காதீர்கள். படர்தாமரைக்குத் தரும் இட்ராகொனசோல், கல்லீரல் அல்பிரசோலத்தைச் சிதைத்து வெளியேற்றுவதைத் தடுக்கிறது. மாத்திரையின் அளவு மாறாமலே உடம்பில் மருந்து ஏறிவிடும். இந்த மாத்திரைகள் மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கலாம். வயதானவர்கள் இரவில் பாத்ரூமுக்கு எழும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் அபாயமும் உண்டு. மறுநாள் காலை வண்டி ஓட்டுபவர்களும் கவனியுங்கள். சோல்பிடம் என்ற தூக்க மாத்திரை காலையிலும் இரத்தத்தில் மிஞ்சியிருப்பதைக் கண்டு, பெண்களுக்கான தொடக்க அளவை 2013-இல் அமெரிக்க மருந்துத் துறை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது.

மாத்திரையைக் குறைத்தால், தூக்கத்துக்கு வேறு என்ன வழி? நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக, தூக்கப் பழக்கத்தையும் தூக்கம் பற்றிய பயத்தையும் மாற்றும் பயிற்சியையே அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. எந்நேரம் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். தூக்கம் வந்தால் மட்டும் படுங்கள். ஏறத்தாழ 20 நிமிடத்தில் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். சாயங்காலக் காபியை விடுங்கள். மாத்திரையைக் குறைப்பதற்கு முன்பே இந்தப் பழக்கம் ஊன்றிவிட்டால் இறங்குவது சுலபம்.

குறைக்கும்போது வலிப்பு, மனக்குழப்பம், இல்லாத உருவம் தெரிவது என்று ஏதாவது வந்தால் உடனே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள்; டெலி மானஸ் எண் 14416-ஐ அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

மருந்துக் கடைக்காரர் புதுச் சீட்டு கேட்டால் கோபிக்காதீர்கள். அல்பிரசோலம், டயசிபாம், சோல்பிடம் எல்லாம் எச்-1 பட்டியலில் உள்ளவை; யார் எழுதினார், யார் வாங்கினார், எத்தனை வாங்கினார் என்று அவர் பதிவேட்டில் எழுதி, மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

அந்தப் புதுச் சீட்டுக்காகப் போகும்போது மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த மாத்திரை எத்தனை வாரத்துக்கு? குறைக்கும் நாள் வந்தால் எந்தப் படியில் குறைப்பது? இரண்டுக்கும் பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.