நாக்கைக் கொடுத்து வாங்கிய கால்கள்



நினைவுச் சொற்பொழிவில் ஒரு தேவதைக் கதைப் படத்தைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் கேட்டார்கள். 2023 மே மாதம் வெளியான டிஸ்னியின் 'தி லிட்டில் மெர்மெய்ட்' படத்தைத் தூற்றியவர்கள், கொண்டாடியவர்கள், கேள்வி கேட்டவர்கள் மூவரிடமும் நாம் கற்க வேண்டியது இருக்கிறது. அதனால் பேசுகிறோம்.

மூலக்கதையை 1837இல் டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் எழுதினார். அவருடைய அப்பா செருப்புத் தைத்தவர். அம்மா ஊரார் துணியை வெளுத்தவர். அங்கே இவை சாதித் தொழில்கள் அல்ல, வறுமையின் தொழில்கள். அவர் எழுதிய கடற்கன்னி மனிதர் உலகத்துக்குள் போகக் கால்கள் கேட்கிறாள். அதற்கு விலை அவளுடைய நாக்கு. உள்ளே வரலாம், ஆனால் பேச முடியாது. இந்த நிபந்தனையை நினைவில் வைத்துக்கொள்வோம்.

1989இல் டிஸ்னி எடுத்த கார்ட்டூனில் ஏரியல் வெள்ளைக்காரப் பெண். புதிய படத்தில் அந்த வேடம் ஹேலி பெய்லி என்ற கறுப்பினப் பாடகிக்கு என்று 2019 ஜூலையில் அறிவித்ததும் எதிர்ப்பு கிளம்பியது. 2022 செப்டம்பரில் முன்னோட்டம் வந்தபோது அது பெருகியது. கடலடியில் வெயில் படாது, ஆகவே தோல் வெளுத்துத்தான் இருக்கும் என்று அறிவியல் பேசியவர்களும் உண்டு. பாதி உடல் மீனாக இருப்பதில் அவர்களுக்குச் சிக்கல் இல்லை. தோலின் நிறத்தில்தான் சிக்கல். படம் வெளியானபின், வழக்கத்துக்கு மாறான வாக்குப்பதிவு நடப்பதாக ஐஎம்டிபி தளமே குறிப்புப் போட வேண்டியிருந்தது.

நமக்கு இது புதிதல்ல. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' படத்தில் புலையர் சமூகத்தில் பிறந்த பி.கே. ரோசி நாயர் பெண்ணாக நடித்தார். அதற்காகத் திருவனந்தபுரத்தை விட்டே விரட்டப்பட்டுத் தமிழ்நாட்டுப் பக்கம் வந்து வாழ்ந்தார். அவர் நடித்த படத்தின் பிரதி இன்று இல்லை. நாமும் பள்ளி ஆண்டுவிழாக்களில் இளவரசி வேடம் யாருக்குப் போனது, நமக்கு எந்த வேடம் மிஞ்சியது என்பதை மறந்துவிடவில்லை.

ஆகவே, முன்னோட்டத்தைப் பார்த்த கறுப்பினச் சிறுமிகள் தங்களைப் போன்ற ஒருத்தியைக் கண்டு துள்ளிய வீடியோக்கள் பரவியபோது அந்த மகிழ்ச்சியை நம்மால் உடனே புரிந்துகொள்ள முடிந்தது. அது சின்ன விஷயம் அல்ல.

விமர்சகர்களில் பெரும்பாலோர் பெய்லியின் குரலையும் நடிப்பையும் பாராட்டினார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான கதை இரண்டே கால் மணி நேரமாக நீண்டதையும், கடலடிக் காட்சிகள் இருண்டு கிடந்ததையும் குறை சொன்னார்கள். இவை நியாயமானவைதான். இவற்றைவிட ஆழமான கேள்வியை எழுப்பியவர் பிரிட்டனின் கறுப்பின ஊடகவியலாளர் மார்கஸ் ரைடர். படம் அடிமைமுறைக் காலக் கரீபியன் தீவு ஒன்றில் நடக்கிறது. அங்கே கறுப்பின அரசி ஆள்கிறார். வெள்ளை இளவரசன் அவருடைய வளர்ப்பு மகன். எல்லா நிறத்தவரும் சந்தையில் கூடி ஆடுகிறார்கள். அடிமைமுறை மட்டும் இல்லை. அந்த வரலாறே நடக்காததுபோலக் காட்டுவது குழந்தைகளுக்கு நல்லதல்ல என்றார் ரைடர். அவர் கறுப்பின ஏரியலை எதிர்த்தவர் அல்ல.

கற்பனைக் கதையில் வரலாறு எதற்கு என்று அவரிடம் கேட்டார்கள். நம்மிடமும் கேட்பார்கள். வெறுப்பவர்களுக்குப் பதில் சொல்லும் அவசரத்தில் இப்படிப்பட்ட கேள்விகளை நாமே ஒத்திவைத்துவிடுகிறோம். நம்மில் ஒருவர் திரையில் நாயகியாக வந்தால் கைதட்டுகிறோம். ஆனால் அந்தப் படத்து ஊரில் சேரி எங்கே, தனிச் சுடுகாடு எங்கே, குளத்துக்கு யார் போகக் கூடாது என்று கேட்கத் தயங்குகிறோம். கேட்டால் கிடைத்த இடமும் போய்விடுமோ என்ற பயம்.

அந்தப் பயம்தான் கடற்கன்னியிடம் கேட்கப்பட்ட விலை. முகம் வரலாம், நினைவு வரக் கூடாது என்பதும் நாக்கை அறுக்கும் பேரம்தான்.

மாணவர்களே, நீங்கள் நாளை விமர்சனம் எழுதுவீர்கள், படமும் எடுப்பீர்கள். ரோசியைக் கொண்டாடுங்கள், அவரை விரட்டியவர்களின் சாதியையும் சேர்த்து எழுதுங்கள். நம் பிள்ளைகள் இளவரசிகளாகத் திரையில் வரட்டும். நாக்கோடு வரட்டும்.