துணி வாணிபமும் எண் கணக்கும்



துணி ஏற்றுமதியைப் பற்றி இரு அரசுகள் பேச அமரும்பொழுது, மேசைமேல் விரிக்கப்படுவது துணி அன்று, புள்ளிவிவரமே. அந்த எண்களை எவ்வாறு படித்தல் வேண்டும் என்பதை ஓர் உதாரணத்தால் விளக்க விரும்புகிறேன்.

1974-ஆம் ஆண்டு முதல் நடப்பிலிருந்த பலவகை இழை உடன்படிக்கை, வளரும் நாடுகளிலிருந்து வரும் துணிகளுக்குச் செல்வ நாடுகள் கோட்டா, அதாவது அளவுக்கட்டு, விதிக்க இடம் தந்தது. 1995-இல் தோன்றிய உலக வர்த்தக அமைப்பு, பத்து ஆண்டுகளில் இக்கோட்டாக்களை நீக்க வழி வகுத்தது. 2005 ஜனவரி 1-ஆம் நாள் அவை மறைந்தன.

உடனே சீனத்து ஆடைகள் ஐரோப்பாவில் வந்து குவிந்தன. அவ்வாண்டின் முதல் மூன்று மாதங்களில் டீ-ஷர்ட் இறக்குமதி 187 சதவீதம் பெருகியது என்று ஐரோப்பிய கமிஷன் அறிவித்தது. எண் உண்மையே. ஆனால் அது எதனோடு ஒப்பிடப்பட்டது? கோட்டாவால் கட்டுண்டு கிடந்த முந்திய ஆண்டோடு! மதகு திறந்த நாளின் நீரோட்டத்தை, மதகு மூடியிருந்த நாளின் மணற்பரப்போடு ஒப்பிட்டால் எத்துணைப் பெரிய சதவீதமும் கிடைக்கும் அன்றோ? அதற்காக, இத்தாலியிலும் போர்ச்சுகலிலும் ஆலைத் தொழிலாளர் கொண்ட அச்சத்தைப் பொய்யென்று தள்ளிவிடலாகாது. வெள்ளம் நிலைத்து நிற்குமா, வடிந்துவிடுமா என்பதை அந்த ஓர் எண் சொல்லவில்லை என்பதே என் கருத்து.

2005 ஜூன் 10-ஆம் நாள், ஐரோப்பிய வர்த்தகக் கமிஷனர் பீட்டர் மண்டல்சனும் சீன வர்த்தக அமைச்சர் போ ஸிலாயும் ஷாங்காயில் ஓர் உடன்பாடு கண்டனர். பத்து இனங்களின் ஏற்றுமதி, 2007 முடிய, ஆண்டுக்கு 8 முதல் 12.5 சதவீதம் வரையே வளரலாம் என்பது அதன் சாரம்.

இங்கே இரண்டாவது சிக்கல் எழுந்தது. உடன்பாட்டுக்கு முன்பே பல கடைக்காரர்கள் சரக்குக்கு ஆர்டர் கொடுத்திருந்தனர். சரக்கு வந்து சேர்வதற்குள் சில இனங்களின் கோட்டா தீர்ந்துபோயிற்று. ஆகஸ்டு மாதத்தில் ஏறக்குறைய 7.5 கோடி ஆடைகள் ஐரோப்பியத் துறைமுகங்களில் தேங்கின. பணம் கொடுத்த வணிகர் கையில் சரக்கில்லை. சரக்கு தைத்த ஆலைக்கோ அடுத்த ஆர்டர் ஐயமாயிற்று. ஆடையை ஆர்டர் கொடுத்த நாளில் எண்ணுவதா, கப்பலேறிய நாளில் எண்ணுவதா, கரையிறங்கிய நாளில் எண்ணுவதா என்ற வினா இத்துணை பேரை அலைக்கழித்தது. செப்டம்பர் 5-ஆம் நாள் பெய்ஜிங்கில் மீண்டும் பேசி, தேங்கியதில் ஒரு பாதியை ஐரோப்பா ஏற்பதென்றும், மறு பாதியைச் சீனத்தின் பிற கோட்டாக்களிலோ அடுத்த ஆண்டுக் கோட்டாவிலோ கழித்துக்கொள்வதென்றும் முடிவு செய்தனர்.

2008-இல் இக்கோட்டாக்களும் நீங்கின. அவ்வாண்டு எட்டு இனங்களுக்குக் கண்காணிப்பு மட்டுமே இருந்தது: சீனம் ஏற்றுமதி அனுமதிகளை எண்ணியது, ஐரோப்பா இறக்குமதி அனுமதிகளை எண்ணியது. அளவைக் கட்டுவதை விடுத்து, இரு தரப்பும் ஒரே சரக்கைச் சேர்ந்து எண்ணத் தலைப்பட்டன.

மாணவர்களே, நாளை செய்தித்தாளில் ஏதேனும் ஒரு சதவீதத்தைக் காணும்போது, அது எந்த ஆண்டோடு ஒப்பிடப்பட்டது, சரக்கு எந்த நாளில் எண்ணப்பட்டது என்று கேளுங்கள். அவ்வெண்ணுக்குப் பின்னே தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்போர், இரு கரைகளிலும் உள்ளனர்.