ஹேண்டில் ஏன் இவ்ளோ இறுகுது?

ஆஸ்திரேலியால போட் வச்சு மீன்பிடிக்கப் போற வீட்டுக்காரங்களுக்கான எபிசோட் இது. ட்ரெய்லர் முன்னாடி சின்னச் சக்கரத்தோட ஒரு ஜாக் இருக்குமே, இங்க அதுக்கு ஜாக்கி வீல்னு பேரு. ஹேண்டிலைச் சுத்தினா ட்ரெய்லர் காரோட டோ பால்ல இருந்து மேல எழும்பும்.

எங்க மாமாவுக்கு 63 வயசு. தோள்பட்டை வலி. இதைச் சுத்த முடியாமலே போட்டை வித்துடலாம்னு இருந்தார். ஜாக்கைக் கழட்டிப் பார்த்தோம். உள்ள திருகுத் தண்டு முழுக்க உப்பு, துரு. கிரீஸ் காஞ்சு கிடந்தது. மண்ணெண்ணெய்ல கழுவி, துடைச்சு, மரைன் கிரீஸ் தடவினதும் நல்லாவே இளகிடுச்சு. அதனால புதுசு வாங்கறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாருங்க. கடல்ல இறக்கி ஏத்தின ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணி அடிச்சாலே பாதித் தொல்லை வராது.

வாங்கித்தான் ஆகணும்னா எடையைப் பாருங்க. போட், மோட்டார், ட்ரெய்லர் சேர்த்து 1,500 கிலோன்னா, சுமார் 10 சதவீதம், அதாவது 150 கிலோ, முன்னாடி இறங்கும். ஜாக் அதைவிடத் தாராளமா தாங்கணும். பல்சக்கரம் குறைச்சு ஓடற மாடல்ல சுத்து அதிகம், கைக்குப் பாரம் கம்மி. அவசரக்காரங்களுக்குப் பிடிக்காது, எனக்கு அதுதான் பிடிக்கும்.

டயருக்குக் கட்டை கொடுக்காம கப்ளிங்கைக் கழட்டாதீங்க. மடக்கற ஜாக்னா, பின் துளைக்குள்ள முழுசா விழுந்துச்சான்னு பார்த்துட்டு பாரத்தை இறக்குங்க. பாதியில நின்னா அந்த 150 கிலோ உங்க கால் மேலதான்.